மருந்துக்கு முகம் வரைந்தவர்

மாந்தரை வகை பிரித்துப் பார்க்கும் விருப்பம் மனிதனுக்குத் தொன்றுதொட்டு உண்டு. தொல்காப்பியர் மெய்ப்பாடுகளை எட்டாகப் பகுத்தார். நம் நாட்டு மருத்துவர்கள் வாதம், பித்தம், ஐயம் என்று மூன்றாகக் கண்டனர். கிரேக்க மருத்துவர்கள் உடலில் நான்கு நீர்கள் ஓடுகின்றன என்று கருதி, அவற்றின் மிகுதி குறைவைக் கொண்டு மனிதரை நான்கு குணத்தாராகப் பிரித்தனர். அரிஸ்டாட்டிலின் மாணவர் தியோபிராஸ்டஸ் முப்பது வகைக் குணத்தாரைச் சொல்லால் ஓவியமாகத் தீட்டினார். நாடகம் எழுதுவோர் அனைவரும் ஏதோ ஒரு வகையில் அந்தத் தியோபிராஸ்டஸின் வழிவந்தவர்களே.

ஆனால் மனிதரை மருந்தின் பெயரால் அழைக்கும் வழக்கம் ஒன்று உண்டென்றால் வியப்பாக இல்லையா? ஹோமியோபதி மருத்துவம் பயில்வோரிடம் அந்த வழக்கம் இருக்கிறது. இவர் நக்ஸ் வாமிகா, அவர் பல்சட்டில்லா என்று அவர்கள் ஆட்களைக் குறிப்பிடுவதுண்டு. நூற்றுக்கணக்கான மருந்துகளை நினைவில் நிறுத்துவது எளிதன்று. ஆகவே தொலைக்காட்சித் தொடர்களில் வரும் மாந்தரை எடுத்துக்கொண்டு, இவருக்கு எந்த மருந்து பொருந்தும் என்று ஆராய்ந்து விளையாடுவதும் உண்டு. கோலங்கள் தொடரில் குடும்பச் சுமையையெல்லாம் தன் தோளில் தாங்கி, துயரத்தை வெளியே காட்டாமல் விழுங்கிக்கொண்ட அபி யார்? அவளை எதிர்த்து நின்ற ஆதி யார்? முன்னவள் கறியுப்பிலிருந்து செய்யப்படும் நேட்ரம் மூரியாட்டிகம்; பின்னவன் எட்டிக்கொட்டையிலிருந்து செய்யப்படும் நக்ஸ் வாமிகா. இவ்வாறு போகும் அந்த விளையாட்டு.

இவ்விளையாட்டுக்கு விதை ஊன்றியவர் சாமுவேல் ஹானிமன் என்னும் ஜெர்மானியர். தொலைக்காட்சி தோன்றுவதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே மறைந்தவர். அவருடைய வாழ்க்கையை நாம் அறிந்துகொள்ளக் காரணம் உண்டு. அவர் கண்ட மருத்துவம் தமிழ் மண்ணுக்கு மிக முன்னதாகவே வந்தது. 1847-ஆம் ஆண்டளவிலேயே தஞ்சாவூரில் சாமுவேல் புரூக்கிங் என்ற ஓய்வுபெற்ற ஆங்கில அறுவை மருத்துவர் ஹோமியோபதி மருத்துவமனை ஒன்றை நிறுவினார். இத்திருவனந்தபுரத்திலோ, சேது லட்சுமி பாய் மகாராணியார் ஆட்சிப் பொறுப்பில் இருந்தபோது, 1928-இல் டாக்டர் எம். என். பிள்ளை என்பார் சட்டமன்றத்தில் கொண்டுவந்த தீர்மானத்தின் வழியே திருவிதாங்கூர் அம்மருத்துவத்துக்கு ஏற்பு வழங்கியது. ஐராணிமுட்டத்தில் இன்று அதற்கென அரசுக் கல்லூரியே இருக்கிறது. நம்முள் சிறுவயதில் அந்த வெள்ளை இனிப்பு உருண்டைகளைச் சுவைக்காதவர் சிலரே. அவற்றின் பின்னால் நின்ற மனிதர் எப்படிப்பட்டவர்?

சாக்சனி நாட்டில் எல்ப் ஆற்றங்கரையில் மைசன் என்னும் ஊர். பீங்கானுக்குப் பெயர்பெற்ற ஊர் அது. அங்கே பீங்கான் கலங்களுக்கு ஓவியம் தீட்டும் தொழிலாளி ஒருவரின் மகனாக ஹானிமன் 1755-ஆம் ஆண்டு ஏப்ரல் 10-ஆம் நாள் பிறந்தார். ஏழைக் குடும்பம். ஆனால் தந்தை சிந்தனையில் ஏழையல்லர். எதையும் கேட்டவுடன் ஏற்றுக்கொள்ளாதே, நீயே எண்ணிப் பார் என்று மகனைப் பழக்கினார். எண்ணிப் பார்ப்பதற்கென்றே ஒரு கேள்வியைக் கொடுத்து மகனைத் தனியறையில் விட்டுச் செல்வாராம்.

படிப்புக்குப் பணம் இல்லை. மகனை இடையிடையே பள்ளியிலிருந்து நிறுத்த வேண்டியதாயிற்று. ஆசிரியர்கள் விடவில்லை, சம்பளம் வாங்காமலே கற்பித்தனர். பன்னிரண்டு வயதில் பிற மாணவருக்குக் கிரேக்க மொழியின் தொடக்கப் பாடத்தைச் சொல்லிக்கொடுக்கும் அளவுக்கு அச்சிறுவன் தேர்ந்தான். வீட்டு விளக்கின் எண்ணெய் செலவாவதைத் தந்தை அறியாதிருக்கக் களிமண்ணால் தானே ஒரு விளக்குச் செய்து இரவில் படித்தான் என்று அவர் வரலாற்றை எழுதியோர் கூறுவர். நம் நாட்டில் தெருவிளக்கில் படித்து உயர்ந்தவர்களின் கதைகளைக் கேட்டு வளர்ந்த நமக்கு அந்தக் களிமண் விளக்கு அயலானதன்று.

1775-இல் இருபது தாலர் பணத்தோடு லைப்சிக் பல்கலைக்கழகத்துக்கு மருத்துவம் படிக்கச் சென்றார். அதற்கு மேல் வீட்டிலிருந்து காசு வராது. பகலில் பாடம், மாலையில் செல்வர் வீட்டுப் பிள்ளைகளுக்கு மொழி கற்பித்தல், இரவில் ஆங்கில மருத்துவ நூல்களை ஜெர்மனில் பெயர்த்தல். உறக்கம் எப்போது என்பது அவருக்கே வெளிச்சம். லைப்சிக்கில் ஏட்டுக் கல்விதான் இருந்தது; நோயாளிகளைக் காண வாய்ப்பில்லை. ஆதலால் வியன்னா சென்று குவாரின் என்ற புகழ்பெற்ற மருத்துவரிடம் மருத்துவமனைப் பயிற்சி பெற்றார். கையில் காசு தீர்ந்தது. திரான்சில்வேனியாவின் ஆளுநர் புருகென்தால் பிரபுவுக்கு நூலகராகவும் மருத்துவராகவும் பணியாற்றினார். பின்னர் எர்லாங்கன் பல்கலைக்கழகத்தில் 1779-ஆம் ஆண்டு ஆகஸ்டு 10-ஆம் நாள் மருத்துவப் பட்டம் பெற்றார். 1782-இல் மருந்துக்கடைக்காரர் ஒருவரின் வளர்ப்பு மகளான ஹென்ரியட்டாவை மணந்தார். அவர்களுக்குப் பிள்ளைகள் பதினொருவர்.

அந்நாள் மருத்துவம் எப்படி இருந்தது என்பதை எண்ணிப் பார்த்தால்தான் இனி அவர் செய்ததன் அருமை விளங்கும். காய்ச்சலா, குருதியை வடி. வலியா, மீண்டும் வடி. வாந்தி எடுக்க வை, பேதிக்குக் கொடு, பாதரசம் கொடு. இதுவே முறை. அமெரிக்காவின் முதல் குடியரசுத் தலைவர் வாஷிங்டன் 1799-இல் தொண்டை நோயுற்றபோது ஒரே நாளில் பலமுறை குருதி வடிக்கப்பட்டு இறந்தார். 1792-இல் ஆஸ்திரியப் பேரரசர் இரண்டாம் லியோபோல்டு இறந்தபோதும் அவ்வாறே. அப்பேரரசரின் மருத்துவர்களை நோக்கி, முதல்முறை வடித்ததில் பயன் இல்லாதபோது ஏன் திரும்பத் திரும்ப வடித்தீர்கள் என்று பத்திரிகையில் பகிரங்கமாகக் கேட்டவர் ஹானிமன். பேரரசரின் மருத்துவரைக் கேள்வி கேட்கும் துணிவு அன்று எத்தனை பேருக்கு இருந்தது?

அத்துணிவுக்கு முன்பே அவர் ஒரு விலை கொடுத்திருந்தார். தாம் கற்ற மருத்துவம் நோயாளியைக் குணப்படுத்துவதைவிடத் துன்புறுத்துவதே மிகுதி என்று உணர்ந்ததும், பல ஆண்டுகள் மருத்துவத் தொழிலையே பெரும்பாலும் விட்டுவிட்டார். பட்டமும் திறமையும் இருந்தன. வீட்டில் குழந்தைகள் பசித்திருந்தனர். தெரிந்த தொழிலோ மருத்துவம். ஆயினும் தீங்கு செய்து பொருள் ஈட்ட மனம் ஒப்பவில்லை. மொழிபெயர்ப்பும் இரசாயன ஆராய்ச்சியுமே பிழைப்பாயின. ஆர்சனிக் நஞ்சைக் கண்டுபிடிக்கும் வழிகளைப் பற்றி 1786-இல் அவர் எழுதிய நூலும், மதுவில் கலந்துள்ள ஈயத்தைக் கண்டறிய அவர் வகுத்த சோதனையும் அக்காலத்தில் மதிக்கப்பட்டன. ஊர் ஊராகக் குடும்பம் பெயர்ந்தது. அப்பயணங்களுள் ஒன்றில் வண்டி கவிழ்ந்து கைக்குழந்தை ஒன்று அடிபட்டு இறந்தது. வறுமையின் உச்சத்தில் ரொட்டியை நிறுத்துப் பங்கிட்டு உண்டனர் என்பர்.

1790-ஆம் ஆண்டு. ஸ்காட்லாந்து அறிஞர் கல்லன் எழுதிய மருந்து நூலை ஹானிமன் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தார். மலைக்காய்ச்சலுக்குச் சிங்கோனாப் பட்டை மருந்தாவது ஏன் என்பதற்குக் கல்லன் ஒரு காரணம் சொல்லியிருந்தார். அது இரைப்பைக்கு வலுவூட்டுவதால் என்பது அவர் கருத்து. ஹானிமனுக்கு அது பொருந்தவில்லை. வெறுமனே மொழிபெயர்த்துக் கூலி வாங்கிப் போகிறவராக இருந்தால் அங்கேயே விட்டிருப்பார். தந்தை சொன்ன பாடம் மறக்கவில்லை போலும். நல்ல உடல்நிலையில் இருந்த அவர் அப்பட்டையைத் தாமே சில நாட்கள் தின்று பார்த்தார். கால்களும் விரல்நுனிகளும் சில்லிட்டன, நெஞ்சு படபடத்தது, நடுக்கமும் தாகமும் உண்டாயின. காய்ச்சலைப் போக்கும் பொருளே நலமானவனுக்குக் காய்ச்சல் போன்ற குறிகளைத் தருகிறதே என்று வியந்தார். ஒத்ததை ஒத்ததே நீக்கும் என்னும் கொள்கை அங்கே முளைவிட்டது. முள்ளை முள்ளால் எடுப்பது என்று நம் ஊர்ப் பாட்டிமார் சொல்வதை அவர் மருத்துவ விதியாக்க முனைந்தார் எனலாம்.

அதற்கிடையில் நடந்த ஒரு நிகழ்ச்சி நம் பொருளுக்கு மிக நெருங்கியது. ஹனோவர் அரசுச் செயலகத்தில் உயர்பதவி வகித்தவர் கிளாக்கன்பிரிங். கோட்ஸெபு என்னும் நாடக ஆசிரியர் 1790-இல் ஒரு வசை நாடகம் எழுதினார். வேறொருவர் பெயரைப் போட்டு அதை வெளியிட்டார். அதில் உயிரோடிருந்த அறிஞர் பலரைப் பாத்திரங்களாக்கி இழிவுபடுத்தினார். கிளாக்கன்பிரிங்கும் அவர்களுள் ஒருவர். ஏற்கெனவே ஓயாத வேலையால் தளர்ந்திருந்த அவர் மனம், அந்த அவமானத்தால் முற்றும் உடைந்தது. உயிருள்ள மனிதனை நாடகப் பாத்திரமாகச் சுருக்கினால் என்ன நேரும் என்பதற்கு இதைவிடக் கொடிய சான்று வேண்டுமா?

மனநோயாளிகளை அன்று சங்கிலியால் பிணைத்து அடித்து வைத்திருந்தனர். கோத்தா நாட்டுக் கோமகன் 1792-இல் கேயார்கென்தால் என்னுமிடத்தில் தம் மாளிகையின் ஒரு பகுதியைக் கொடுக்க, ஹானிமன் அங்கே கிளாக்கன்பிரிங்கை ஏற்றுக்கொண்டார். அடியில்லை, சங்கிலியில்லை. முதல் இரண்டு வாரம் மருந்தும் இல்லை. அந்த இரண்டு வாரமும் அவரை வெறுமனே கூர்ந்து கவனித்தார். எப்போது சினம் எழுகிறது, எப்போது அழுகை, எதைச் சொல்லிப் பிதற்றுகிறார், எதைக் கண்டு அஞ்சுகிறார் என்று ஒவ்வொன்றையும் நோக்கினார். மருத்துவம் அதற்குப் பிறகே. அடுத்த ஆண்டு கிளாக்கன்பிரிங் தெளிவு பெற்று ஊர் திரும்பினார். பாரிஸ் நகரில் பினேல் மனநோயாளிகளிடம் பரிவு காட்டத் தொடங்கிப் புகழ்பெற்றதும் ஏறக்குறைய அதே காலத்தில்தான். நாடகம் பறித்த முகத்தை ஒரு மருத்துவர் பொறுமையோடு மீட்டுத் தந்தார். மனத்தின் நிலையையும் நோயின் குறியாகக் கொள்ள வேண்டும் என்று ஹானிமன் பிற்காலத்தில் வற்புறுத்தியதற்கு அந்த இரண்டு வாரங்களும் ஒரு பயிற்சியாக இருந்திருக்க வேண்டும்.

1796-இல் ஹூஃபலாண்டு நடத்திய மருத்துவ இதழில் ஹானிமன் தம் கொள்கையை வெளியிட்டார். 1810-இல் ஆர்கனான் என்ற தலையாய நூல் வந்தது. அடுத்த ஆண்டு லைப்சிக் நகருக்கு மீண்டார். 1812 முதல் அங்கே பல்கலைக்கழகத்தில் சொற்பொழிவாற்றினார். ஒருகாலத்தில் இருபது தாலரோடு வந்த மாணவன் இப்போது ஆசிரியராக நின்றார்.

அங்கே அவரைச் சூழ்ந்த மாணவர் கூட்டம் நம் கவனத்துக்குரியது. ஸ்டாப்பு, கிராஸ், ஹார்ட்மன், ஃபிரான்ஸ் முதலிய இளைஞர்கள் அவர். மருந்துகளை நோயாளிக்குக் கொடுக்கும் முன் நலமுள்ள தம் உடலிலேயே சோதித்தனர். சோதனைக் காலத்தில் காப்பி கூடாது, மது கூடாது, காரமும் மசாலாவும் கூடாது. உடலிலும் உள்ளத்திலும் தோன்றும் ஒவ்வொரு மாற்றத்தையும் ஏட்டில் குறிக்க வேண்டும். பின்னர் ஆசிரியர் முன்னிலையில் குறுக்கு விசாரணை நடக்கும். எந்த நேரத்தில் வலித்தது, எழுந்தபோதா, கிடந்தபோதா, அப்போது மனம் எப்படி இருந்தது என்றெல்லாம் துருவித் துருவிக் கேட்பார். அவ்வாறு திரண்ட குறிப்புகள் 1811 முதல் 1821 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்தன. பல்சட்டில்லா என்ற ஒரு மலர்ச்செடிக்கு மட்டுமே ஆயிரத்துக்கு மேற்பட்ட குறிகள்!

ஆயிரம் குறிகளை யார் நினைவில் வைப்பார்? குறிகள் நாளடைவில் திரண்டு ஓர் ஆளின் வடிவம் கொள்ளத் தொடங்கின. எளிதில் கண்ணீர் விடுவாள், தேற்றினால் தேறுவாள், நிலையின்றி மாறுவாள், மென்மையானவள், அவள் பல்சட்டில்லா. சுறுசுறுப்பானவன், முன்கோபி, எதிர்த்துப் பேசினால் பொறாதவன், இரவில் கண்விழித்து உழைத்துக் காப்பியில் காலம் தள்ளுபவன். அவன் நக்ஸ் வாமிகா. தேர்வுக் காலத்தில் நம் விடுதி அறைகளில் இவனைக் காணாதவர் உண்டோ? ஆர்கனான் நூலின் 213-ஆம் பத்தியில் ஹானிமனே இதற்கு அடிகோலினார். அமைதியான இயல்புடையவனுக்கு அக்கோனைட் பயன்படுவது அரிது. மென்மையும் மந்தமும் உடையவனுக்கு நக்ஸ் பொருந்தாது. மகிழ்ச்சியும் பிடிவாதமும் உடையவளுக்குப் பல்சட்டில்லா ஆகாது என்பது அங்கே அவர் தரும் கருத்து.

அவர் இட்ட கோட்டுக்குப் பின்வந்தோர் வண்ணம் தீட்டினர். ஹோமியோபதியை மறுத்து நூல் எழுதப் புகுந்து, படிக்கப் படிக்க அதன் அன்பராகவே மாறிய கான்ஸ்டன்டைன் ஹெரிங், தென் அமெரிக்காவில் சூரினாமில் 1828-இல் ஒரு கொடிய பாம்பின் நஞ்சைத் தம்மிடமே சோதித்தார். பொறாமை, ஐயம், ஓயாத பேச்சு என்பன அந்த லாக்கசிஸ் மருந்தின் முகமாயின. அமெரிக்கரான கென்ட் 1905-இல் வெளியிட்ட சொற்பொழிவுகளில் மருந்துகள் மேடையேறும் நடிகரைப் போல வந்து போகின்றன. கந்தகம் அங்கே கந்தல் உடுத்த தத்துவஞானி. 1986-இல் காதரின் கூல்டர் என்னும் அம்மையார் மருந்துகளின் உருவப்படங்கள் என்ற வகையில் நூல் எழுதி, இலக்கிய மாந்தரையும் எடுத்துக்காட்டினார். அதன் அடுத்த படிதான் தொலைக்காட்சி மாந்தர்.

இக்கலையை நாமும் ஒருமுறை ஆடிப் பார்ப்போம். இந்நகரத்து மகாராஜா கல்லூரியில் தத்துவப் பேராசிரியராக விளங்கிய சுந்தரம் பிள்ளை 1891-இல் வெளியிட்ட மனோன்மணீயம் நம் கையில் இருக்கிறது. யார் சொன்னாலும் நம்பிவிடும் பாண்டியன் சீவகனுக்கு எந்த மருந்து? ஒரு கணம் உவகையும் மறு கணம் சோர்வும் கொள்பவன்; பல்சட்டில்லா என்போம். நடராசனை நெஞ்சில் வைத்துத் துயரைத் தாங்கும் வாணி? இக்னேஷியா எனலாம், நேட்ரம் மூரியாட்டிகம் என்று வேறொருவர் வாதிடலாம். குடிலன்? வஞ்சமும் பொறாமையும் லாக்கசிஸ் என்று ஒருவர் சொல்வார். வெளியே வீறாப்பு, உள்ளே கோழைத்தனம். ஆகவே லைக்கோபோடியம் என்பார் மற்றொருவர். இருவரும் நாடகத்திலிருந்தே சான்று காட்டுவர். யார் சரி? தீர்ப்புச் சொல்ல வழியில்லை. குடிலனுக்கு நாடி இல்லை. மருந்து கொடுத்துப் பார்க்கவும் முடியாது. இது விளையாட்டின் இன்பம். இதுவே அதன் பெருங்குறையும் ஆகும்.

மனிதரைப் பற்றிப் பொதுவாகச் சொல்லப்படும் எதையும் நாம் நமக்கே உரியதாக எண்ணிக்கொள்கிறோம். ஃபோரர் என்னும் அமெரிக்க உளநூல் ஆசிரியர் 1948-இல் தம் மாணவர் 39 பேருக்கு ஒரு குணத்தேர்வு நடத்தி, ஒவ்வொருவருக்கும் தனித்தனியே முடிவு எழுதியதாகக் கொடுத்தார். எவ்வளவு பொருந்துகிறது என்று ஐந்துக்கு மதிப்பெண் இடச் சொன்னார். சராசரி 4.26 வந்தது. உண்மையில் அனைவருக்கும் அவர் கொடுத்தது ஒரே தாள்தான்! சோதிடமும், குணவகை அட்டவணையும், மருந்தின் முகமும் நமக்குப் பொருந்துவதுபோல் தோன்றுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஹானிமன் வாழ்வுக்குத் திரும்புவோம். அவர் மருந்துகளைத் தாமே செய்து கொடுத்ததால் லைப்சிக் மருந்துக்கடைக்காரர்கள் வழக்குத் தொடுத்தனர். எதிர்ப்பு வலுத்தது. 1821-இல் கோத்தன் நாட்டுக் கோமகன் ஃபெர்டினாண்டு அடைக்கலம் தர, அங்கே சென்றார். 1828-இல் நாட்பட்ட நோய்கள் பற்றிய நூலை வெளியிட்டார். 1830-இல் வறுமையிலெல்லாம் உடன் நின்ற மனைவி மறைந்தார். அடுத்த ஆண்டு ஐரோப்பாவில் வாந்திபேதி பரவியபோது, கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய உயிர்ப்பொருள் ஒன்றே அதைப் பரப்புகிறது என்று எழுதினார். கிருமிக் கொள்கை நிலைபெறுவதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன் அவர் கண்ட உண்மை அது. ஆயினும் முதுமையில் அவர் குணம் கடுமையாயிற்று. தம் முறையோடு பிறமுறைகளைச் சேர்த்துக் கையாண்ட லைப்சிக் சீடர்களை 1832-இல் பத்திரிகையில் கண்டித்தார். பேரரசரின் மருத்துவர்களைக் கேள்வி கேட்டவருக்குத் தம்மைக் கேள்வி கேட்பவரைப் பொறுக்க இயலவில்லை.

1834-இல் மெலானி என்னும் பிரெஞ்சுப் பெண்மணி மருத்துவம் நாடிக் கோத்தனுக்கு வந்தார். அவருக்கு வயது முப்பத்து நான்கு, ஓவியர், ஹானிமனுக்கோ எழுபத்தொன்பது. 1835 ஜனவரியில் இருவரும் மணந்தனர். ஜெர்மனி முழுதும் வம்பளந்தது. அவர்கள் பாரிஸ் சென்று குடியேறினர். வாழ்நாளெல்லாம் வறுமையும் வழக்குமாகக் கழித்தவருக்குக் கடைசி எட்டாண்டுகள் புகழும் செல்வமும் தந்தன. செல்வரிடம் பொருள் பெற்றார். ஏழையருக்கு இலவசமாகப் பார்த்தார். மெலானியும் உடனிருந்து மருத்துவம் செய்தார். 1843-ஆம் ஆண்டு ஜூலை 2-ஆம் நாள் எண்பத்தெட்டு வயதில் ஹானிமன் மறைந்தார். ஆர்கனானின் ஆறாம் பதிப்புக்கான கைப்படி 1921-இல்தான் அச்சேறியது.

இனி, நடுநிலையில் நின்று நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று எஞ்சுகிறது. அவர் கண்டது உண்மையா?

ஹானிமன் மருந்தை நூறில் ஒரு பங்காக நீர்த்து, அதை மீண்டும் நூறில் ஒன்றாக நீர்த்து, இவ்வாறு முப்பது முறை செய்தார். ஒன்றுக்குப் பின் அறுபது சுழிகள் இட்டால் வரும் எண்ணில் ஒரு பங்கு அது. பன்னிரண்டாம் படியைக் கடக்கும்போதே மூலப்பொருளின் ஒரு மூலக்கூறுகூட எஞ்சுவது ஐயத்துக்குரியதாகிறது. மூலக்கூறுகளின் அளவை லோஷ்மிட் முதன்முதல் கணக்கிட்டது 1865-இல். ஹானிமன் மறைந்து இருபத்திரண்டு ஆண்டுகளுக்குப் பின். அவர் அறிய வழியில்லை. நமக்கு உண்டு. சிங்கோனா மலைக்காய்ச்சலைத் தீர்ப்பது அதன் குவினைன் குருதியிலுள்ள ஒட்டுண்ணியை அழிப்பதால் என்பதையும் நாம் அறிவோம். அந்த ஒட்டுண்ணியை லாவெரான் 1880-இல் கண்டார். அது கொசுவில் வளர்வதை ரொனால்டு ராஸ் 1897-இல் நம் நாட்டுச் செகந்திராபாத்தில் கண்டார்.

ஹானிமன் பாரிஸுக்குப் புறப்பட்ட அதே 1835-இல் நூரன்பர்க் நகரில் ஓர் அரிய சோதனை நடந்தது. முப்பது முறை நீர்த்த உப்பு மருந்தைச் சில குப்பிகளிலும், வெறும் பனிநீரைச் சில குப்பிகளிலும் நிரப்பினர். எது எதில் என்பதைக் கொடுத்தவரும் அறியார், குடித்தவரும் அறியார். விடை தந்த 50 பேரில் 42 பேர் எதையும் உணரவில்லை. ஏதோ உணர்ந்ததாகச் சொன்ன எண்மரில் ஐவர் மருந்து குடித்தவர். மூவர் வெறும் நீர் குடித்தவர். சிறிய சோதனைதான். ஆயினும் இன்றைய மருந்து ஆராய்ச்சியின் முறைக்கு அது ஒரு முன்னோடி. அபிக்குப் பொருந்தும் என்று நாம் சொன்னோமே, அந்த உப்பு மருந்தேதான் அது! ஆஸ்திரேலிய நாட்டு மருத்துவ ஆராய்ச்சி மன்றம் இதுவரை நடந்த ஆய்வுகளை அலசி, எந்த நோய்க்கும் ஹோமியோபதி பயன் தருவதற்கு நம்பத்தக்க சான்று இல்லை என்று 2015-இல் முடிவு கூறியது. பிரிட்டனின் பொது மருத்துவத் துறை 2017-இல் அதனை இனிப் பரிந்துரைக்க வேண்டாம் என்று தன் மருத்துவர்களைக் கேட்டுக்கொண்டது. இந்தியாவிலோ 1973-ஆம் ஆண்டுச் சட்டத்தாலும், 2020-ஆம் ஆண்டுச் சட்டத்தாலும் அது ஏற்கப்பட்ட மருத்துவமாக நிலைபெற்றுள்ளது. சட்டம் ஏற்பது வேறு. சோதனை ஏற்பது வேறு. இவ்விரண்டையும் குழப்பிக்கொள்ளாதிருப்பது கற்றவர் கடமை.

அங்ஙனமாயின் ஹானிமனின் வாழ்வு வீணா? அன்று. குருதி வடித்தே கொன்ற காலத்தில் அவரிடம் சென்ற நோயாளி குறைந்தது அக்கொடுமையிலிருந்து தப்பினான். சங்கிலியில் கிடந்த மனநோயாளியிடம் அவர் மனிதனைக் கண்டார். மருந்தைப் பிறர்க்குத் தருமுன் தன்னிடம் சோதிக்க வேண்டும் என்றார். நோயாளி பேசும்போது குறுக்கிடாமல் கேட்க வேண்டும், சொன்னதைச் சொன்னபடியே எழுத வேண்டும் என்று விதித்தார். கூட்டம் நிறைந்த மருத்துவமனை வாயிலில் நெடுநேரம் காத்திருந்து, உள்ளே இரண்டு நிமிடத்தில் சீட்டோடு திரும்பும் நோயாளிக்கு அவ்விதியின் அருமை தெரியும். ஹோமியோபதி மருத்துவரிடம் சென்று வந்தால் மனம் இலேசாகிறது என்று பலர் சொல்வதற்கு உருண்டை காரணமாகாமல் இருக்கலாம். உட்கார வைத்துக் கேட்ட அந்தச் செவி காரணமாக இருக்கலாம்.

நம் காலத்துக்கு இதில் இரண்டு எச்சரிக்கைகள் உள்ளன. நீரிழிவு, காசநோய், நெஞ்சுவலி, கொடுங்காய்ச்சல் போன்றவற்றை வைத்துக்கொண்டு, என் குணத்துக்கு ஏற்ற உருண்டை எது என்று தேடிக் காலம் கடத்துவது உயிரோடு விளையாடுவதாகும். அது ஒன்று. மற்றொன்று நம் விடுதி வாழ்க்கையைச் சேர்ந்தது. உடன் படிப்பவனை இவன் இன்ன வகை என்று ஒரு சொல்லில் அடைத்துவிட்டால், பிறகு அவன் சொல்வது நம் காதில் விழுவதில்லை. எப்போதும் கலகலப்பானவன் என்று நாம் பெயரிட்டவன் அறைக்குள் அழுதுகொண்டிருப்பான். அந்தக் கதவை நாம் தட்டமாட்டோம். நாடகப் பாத்திரம் முதல் காட்சி முதல் இறுதிக் காட்சி வரை ஆசிரியன் வகுத்த குணத்தை விட்டு எளிதில் விலகாது. மனிதன் காலையில் ஒருவன்; மாலையில் ஒருவன்.

ஹானிமனையே பாருங்கள். களிமண் விளக்கேற்றிய சிறுவன், தீங்கு செய்யேன் என்று தொழிலைத் துறந்த இளைஞர், சீடரைச் சினந்த முதியவர், எண்பதை நெருங்கும் வயதில் காதலித்து மணந்தவர். இவருக்கு எந்த மருந்தின் முகம் பொருந்தும்? ஒன்றும் பொருந்தாது. ஆகவே நண்பர்களே, தொடர்நாடக மாந்தருக்கு மருந்து தேடும் விளையாட்டை மாலை நேரங்களில் மகிழ்ச்சியோடு ஆடுங்கள். அது கூர்ந்து நோக்கக் கற்பிக்கும். ஆனால் அடுத்த அறை நண்பன் உங்களிடம் தன் துயரைச் சொல்ல வரும்போது, பெயர் சூட்ட விரையாமல், கேயார்கென்தால் மாளிகையில் அம்மருத்துவர் இரண்டு வாரம் செய்ததைச் செய்யுங்கள். பொறுமையோடு கவனியுங்கள்.